கேஸ்டிரிக் வார்டில் ஒரு கருணை வகுப்பு

1

இந்தக் கதை என் வயிற்றிலிருந்து பிறந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, வைத்திய ரீதியாகச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ஷார்ஜா தொழில்பேட்டையை ஒட்டியிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் குடற்புண்ணோடு போய்ப் படுத்தேன். ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். என்னைக் கொண்டுபோய்ப் போட்ட இடத்துக்கு கேஸ்டிரிக் வார்டு என்று பெயர். வயிற்று வலிக்காரனை வயிற்று வார்டில் போடுவதில் என்ன கதை இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்த வார்டில் வயிற்று வலியோடு இருந்த ஒரே ஆள் நான்தான். அதுதான் கதை.

மற்றவர்கள் எல்லாரும் குடித்துக் கெட்டவர்கள். ஷார்ஜாவில் மதுவுக்குத் தடை. தடை வந்ததும் தொண்டை அடங்கிவிடுமா? சவரக்கடையில் கன்னத்தில் தடவுகிற கொலோனை வாங்கி, பெப்சியில் ஊற்றிக் குடித்தார்கள். அந்தக் கோடையில் தொழில்பேட்டையில் யார் ஏப்பம் விட்டாலும் கல்யாண வீடு மாதிரி மணந்தது. நெடி தாங்காமல் ஈக்களெல்லாம் பக்கத்து ஊரான அஜ்மானுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. (நான் பொய் சொல்வதில்லை. சிலவற்றுக்குக் கொஞ்சம் எண்ணெய் பூசுவேன், அவ்வளவுதான்.)

குடித்தவன் நடுங்கிக்கொண்டு வந்து நிற்கும்போது ஆஸ்பத்திரி உள்ளதை உள்ளபடி எழுதினால் என்ன ஆகும்? வழக்கு, சிறை, அப்புறம் ஊருக்கு மூட்டை. ஆகவே அங்கே ஓர் ஏற்பாடு இருந்தது. வார்டு டாக்டர் ‘கேஸ்டிரிக்’ என்று எழுதுவார், நடுக்கத்துக்கு உண்டான ஊசியைப் போடுவார். எழுத்தில் பொய், ஊசியில் உண்மை. எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை.

இந்த ஏற்பாட்டில் அடிபட்டவன் நான். “டாக்டர், எனக்கு கேஸ்டிரிக்” என்றேன். அவர் என் தோளைத் தட்டி, “புரிகிறது, புரிகிறது” என்று கண்ணைச் சிமிட்டி, நடுக்கத்துக்கான ஊசியைப் போட்டுவிட்டுப் போனார். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவன் நான். வயிறு எரிய எரிய, மிகச் சுகமாகத் தூங்கினேன்.

செய்தி கீழக்கரைக்கும் போனது. என் மனைவி ஜுலைஹா பீவி போனில் கேட்டாள்: “என்னங்க, கேஸ்டிரிக் வார்டாமே?”

“ஆமா, வயித்துல புண்ணு.”

“அடுத்த வீட்டு அஸீம் அங்க அஞ்சாறு வருசம் இருந்தவரு. அந்த வார்டுன்னதும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. என்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லுங்க.”

இன்றுவரை அவள் நம்பவில்லை. ஆனால் எனக்கு வந்த கோபம் அதற்காக இல்லை. அது வேறு கோபம். வருகிறது.

2

கதை என் கதை இல்லை, அந்த வார்டு சிஸ்டர் ஜலஜாவின் கதை. அதை எப்படித் தொடங்குவது என்று பல நாள் மல்லுக்கட்டினேன். கழித்துப் போட்டவற்றையும் இங்கேயே விட்டு வைக்கிறேன்.

‘ஜலஜா வெள்ளுடையில் வந்த ஒரு தேவதை. அவள் சிரித்தால் —’

[வேண்டாம். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. தேவதை என்று எழுதினால் சம்பளம் தர வேண்டியதில்லை என்று ஆகிவிடும்.]

‘பாலைவனத்தின் மணற்காற்று ஆஸ்பத்திரியின் சன்னல்களில் மோதிக்கொண்டிருந்த —’

[அந்த ஆஸ்பத்திரி ஒரு டயர் கடைக்கும் மரம் அறுக்கும் ஆலைக்கும் நடுவில் இருந்தது. சன்னலில் மோதியது மரத்தூள்.]

‘ஜலஜா தன் செருப்பைக் கழற்றாமலே காலைத் தேய்த்துவிட்டாள்.’

இது நிற்கட்டும். இங்கிருந்து போகலாம்.

ஜலஜா தன் செருப்பைக் கழற்றாமலே காலைத் தேய்த்துவிட்டாள். கழற்றினால் வீங்கிய பாதம் மறுபடி உள்ளே போகாது. மார்த்தாண்டத்துப் பக்கத்துக்காரி. முதலில் ஜித்தாவில், ஷரஃபியாவில் ஒரு சிறிய கிளினிக்கில் இருந்தாள். பிள்ளைகளுக்கு ஊசி போடும் வேலை. ஷார்ஜாவுக்கு வந்தபோது, கேஸ்டிரிக் வார்டுக்கு யாரும் போக மாட்டேன் என்றதால் கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கொள் என்று மேட்ரன் அனுப்பினாள். அந்தக் கொஞ்ச நாள் வருடக்கணக்கில் நீண்டுவிட்டது.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. நடுங்குகிறவனிடம் போதனை செய்ய மாட்டாள். “ஏன் குடிச்சே?” என்று கேட்க மாட்டாள். “இங்க இருக்கியாடே? நானும் இங்கதான் இருக்கேன்” என்பாள். அவ்வளவுதான். கட்டிலை உடைக்கப் பார்த்த ஆட்கள் அந்தக் குரலுக்கு அடங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பின்னால் வரப்போகும் வகுப்புக்கு முந்தின நாள் காலை ஒன்று நடந்தது. மூலைக் கட்டிலிலிருந்து ஒருவன் “சிஸ்டர், தண்ணி” என்றான். அவளுக்குக் கேட்டது. மறுபடி கூப்பிட்டான். அதுவும் கேட்டது. தண்ணீர் ஜாடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கை எழவில்லை. வலியும் இல்லை, எரிச்சலும் இல்லை. உள்ளே ஒன்றுமே இல்லை. பூட்டிய வீட்டுக் கதவை வெளியிலிருந்து தட்டிப் பார்ப்பதுபோல அவள் தன்னையே தட்டிப் பார்த்துக்கொண்டாள். யாரும் திறக்கவில்லை. கடைசியில் நான் எழுந்து போய்த் தண்ணீர் கொடுத்தேன். அவள் மிரண்டு போய் என்னைப் பார்த்தாள்.

* இதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறதாம். தமிழில் ‘கருணைச் சோர்வு’ என்கிறார்கள். எனக்கு இந்தச் சொல் மேல் சந்தேகம். கருணை எங்கேயாவது சோருமா? டூட்டி முடிந்த பிறகும் இன்னொரு டூட்டி போட்டால் முதலில் சோருவது கால். அப்புறம் இடுப்பு. கருணை கடைசியில்தான் விழுகிறது. விழுந்தது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. பெயரையும் அதற்கே வைத்துவிட்டார்கள்.

3

இனி சோலையப்பன். என் பக்கத்துக் கட்டில்.

சிவகங்கைப் பக்கம். ஜெபல் அலியில் கிடங்கு கட்டுகிற இடத்தில் சாரம் கட்டுகிற வேலை, தங்கல் எங்கள் தொழில்பேட்டை கேம்ப்பில். ரூம்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். என்ன என்று கேட்கும் முன்பே, “கேஸ்டிரிக், சிஸ்டர்” என்று கோரஸாகச் சொன்னார்கள்.

அவன் ஏன் குடித்தான்? கதாசிரியன் என்ற முறையில் நான் ஒரு காரணம் தர வேண்டும். முதலில் ஊரில் அவனுடைய தாயைச் சாகடித்தேன். பிறகு அவளை உயிரோடு எழுப்பிவிட்டு, மனைவி ராக்கம்மா இன்னொருவனோடு போய்விட்டதாக எழுதினேன். இரண்டும் பொய். தாய் நன்றாக இருந்தாள். ராக்கம்மா வாரம் தவறாமல் போன் பூத்துக்கு வந்து அவனைத் திட்டுகிறவள். இப்போது ஊரில் இருக்கும் ஜலஜாவைப் போனில் கூப்பிட்டு, “ஒரு காரணம் சொல்லும்மா, கதை நொண்டுகிறது” என்றேன்.

“எதுக்கு காக்கா காரணம்?” (காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன்.)

“வாசகருக்கு இரக்கம் வர வேண்டாமா?”

“காரணம் இல்லாம குடிச்சவனுக்கு வைத்தியம் கெடையாதா? சுகர் வந்தவன்கிட்ட ஏன் அல்வா தின்னேன்னு கேட்டுட்டா மருந்து குடுக்கீங்க? என்ன எளவு கதையோ இது. அவனுக்குக் குடி புடிச்சுக்கிட்டு. அத்தற தான். எழுதுங்க.”

எழுதிவிட்டேன். உங்களுக்கு இரக்கம் வரவில்லை என்றால் ஜலஜாவிடம் பேசிக்கொள்ளுங்கள்.

குடி நின்றதும் சோலையப்பனுக்கு நடுக்கம் ஏறியது. கட்டிலைச் சாரம் என்று நினைத்தான். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வியர்வை சொட்ட, தரையைப் பார்த்துக் கத்துவான்: “சிஸ்டர், கட்டு அவுருது! கீழ வேலுச்சாமி நிக்கிறான், தள்ளி நிக்கச் சொல்லுங்க!”

“சொல்லிட்டேன், போயிட்டான். நீ புடி.”

“தலையில தொப்பி போட்டிருக்கானா?”

“போட்டிருக்கான் மக்கா.”

அவன் ஒரு தடவைகூடத் தான் விழுந்துவிடுவோம் என்று பயப்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4

இந்த நேரம் பார்த்து வார்டு டாக்டர் வருடாந்தர லீவில் ஊருக்குப் போனார். பதிலுக்கு ஒருவர் வந்தார். படித்தவர், சுத்தமானவர், நேரம் தவறாதவர். ஏற்பாடு மட்டும் அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. எப்படிச் சொல்வது? புது ஆள். “டாக்டர், இங்கே கேஸ்டிரிக் என்றால் கேஸ்டிரிக் இல்லை” என்று சொல்லி, அவர் நேராகப் போலீசுக்குப் போன் போட்டால்?

ஆகவே அவர் ‘கேஸ்டிரிக்’ என்று படித்தார், கேஸ்டிரிக்குக்கே மருந்து கொடுத்தார். வார்டு முழுக்க வெள்ளை மருந்து. நடுங்குகிறவனுக்கெல்லாம் ஆளுக்கொரு மூடி. அந்த வார்டின் சரித்திரத்தில் முதல் முறையாக எனக்குச் சரியான வைத்தியம் கிடைத்தது. என் புண் ஆறத் தொடங்கியது. குணமாகிக்கொண்டிருந்த ஒரே ஆள் நான். வெட்கமாக இருந்தது.

ஜலஜா சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தாள். “டாக்டர், நடுக்கம் அதிகமா இருக்கு.”

“வலியினால் இருக்கும்.”

“கண்ணுக்கு என்னென்னவோ தெரியுதுங்கான்.”

“காய்ச்சல் இருக்கிறதா பாருங்கள்.” சொல்லிவிட்டு, சோலையப்பனின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வயிறு அருமையாக இருந்தது. பயணம் செய்யலாம் என்று சொல்லிவிட்டார்.

அதைக் கேட்கத்தான் விஜயபாஸ்கர் காத்துக்கொண்டிருந்தான். கம்பெனியின் பி.ஆர்.ஓ. விசா, பாஸ்போர்ட் எல்லாம் அவன் கையில். சோலையப்பன் இனி வேலைக்கு உதவ மாட்டான் என்று தெரிந்ததும் கம்பெனி அவன் விசாவை கேன்சல் செய்துவிட்டது.

“யல்லா சிஸ்டர், கெளம்பட்டும். நாளைக்கு மத்தியானம் ஃப்ளைட்டு. காலைல வந்து கூட்டிட்டுப் போறேன்.”

“இந்த நெலமையில ஏத்தினா ஜன்னி வந்து வானத்துலயே செத்துப்போவான். இன்னும் கொஞ்ச நாள் விடுங்க. தெளிஞ்ச பெறகு நானே சட்டை போட்டு அனுப்புதேன்.”

“கேஸ்டிரிக்ல எவன் சிஸ்டர் செத்தான்? டாக்டரே ஃபிட்டுனு சொல்லிட்டாரு. ஹலாஸ், முடிஞ்சது.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “இல்ல, வேற எதாவதுன்னா சொல்லுங்க. எழுதிக் குடுங்க. நான் எங்க சொல்லணுமோ அங்க சொல்லிக்கறேன்.”

அவனுக்கும் தெரியும். அதுதான் என் வயிற்றை மறுபடி எரிய வைத்தது.

அன்று சாயங்காலம் மேட்ரன் வந்தாள். நாளைக் காலை எல்லா நர்ஸ்களுக்கும் வகுப்பு. லண்டனிலிருந்து ஓர் அம்மாள் வந்திருக்கிறார். நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து மனம் மரத்துப்போகாமல் இருப்பது எப்படி என்று சொல்லித்தருவார். ஆஸ்பத்திரி முதலாளி வருகிறார், பத்திரிகைக்காரர் வருகிறார். கட்டாயம் வர வேண்டும். வராதவர்களுடைய கான்ட்ராக்ட் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

“வார்டை யாரு மேடம் பாப்பா?”

“கொஞ்ச நேரம்தானே, ஜலஜா. உங்கள் நல்லதுக்குத்தான் இது.”

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளிமேல் இரக்கம் குறையாமல் இருப்பது எப்படி என்று கற்றுக்கொள்வதற்காக, நோயாளியை அநாதையாக விட்டுவிட்டு வர வேண்டும். ஆள் கூட்டிப் போட்டால் செலவு. வகுப்பு என்றால் போட்டோ. நான் எண்ணெய் பூசவே இல்லை. இந்த இடத்துக்கு எண்ணெயே தேவைப்படவில்லை.

5

[இந்தப் பகுதியை யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால் இரண்டு தடவை எடுத்துவிட்டேன். ஈ குடிபெயர்ந்ததை நம்பியவர்கள் இதை நம்பாவிட்டால் நான் என்ன செய்வது?]

காலையில் இரவு டூட்டி நர்ஸ்கள் வீட்டுக்குப் போகாமல் நேராக ஹாலுக்குப் போனார்கள். ஜலஜா போகவில்லை. சோலையப்பனின் கட்டில் அருகே நின்றாள். போனால் விஜயபாஸ்கர் வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். போகாவிட்டால் வேலை போகும், அப்புறமும் அவன் தூக்கிக்கொண்டு போவான். அவள் குனிந்து கட்டில் சக்கரத்தின் பூட்டைக் காலால் தட்டி விடுவித்தாள்.

“என்னம்மா செய்யுறே?”

“வகுப்புக்குப் போறேன் காக்கா.”

“கட்டிலோடயா?”

“நாலு பேரு கண்ணு முன்னால இருக்கவனை எவன் தூக்குவான்னு பாப்போம். கதை பேசாம அந்தத் தலைமாட்டைப் புடியுங்க.”

பிடித்தேன். ஒரு கையில் கட்டில், மறு கையில் என் சொந்த குளுக்கோஸ் கம்பி. கட்டில் நகர்ந்ததும் சோலையப்பன், “சாரம் போகுது! எல்லாரும் புடிச்சுக்குங்க!” என்று அலறினான். வராந்தாவில் மருந்து வாங்க நின்றவர்கள் உண்மையாகவே சுவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

கட்டிலை லிஃப்டுக்குள் தள்ளினோம். கதவு மூடியதும் ஜலஜா சொன்னாள்: “நேத்து காலைல இவனுக்கு ஒரு மடக்கு தண்ணி குடுக்க என் கை எழும்பல. பாத்தீங்கல்ல?” நான் குளுக்கோஸ் கம்பியை நேராக்கினேன். “இப்ப எனக்கு ஒடம்பு முழுக்கக் கோவம் காக்கா. நல்லாருக்கு.”

மூலைக் கட்டிலில் தண்ணீர் கேட்டவன் வேறு ஆள். அவளுக்கு எல்லாரும் ஒரே ஆளாகி ரொம்ப நாளாகியிருந்தது. நான் திருத்தவில்லை.

ஹாலில் லண்டன் அம்மாள், “கண்களை மூடிக்கொள்ளுங்கள். கடைசியாக ஒரு நோயாளிக்காக எப்போது அழுதீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்” என்று சொல்லியிருந்தார். கண்ணை மூடிய நர்ஸ்கள் மூடிய கணத்திலேயே தூங்கிப்போயிருந்தார்கள். வரிசை வரிசையாக, வாய் திறந்து. அது ஆழ்ந்த தியானம் என்று நினைத்து அம்மாள் நெகிழ்ந்து நின்றார். முதலாளியும் தூங்கியிருந்தார், அவருக்கு என்ன களைப்போ. பத்திரிகைக்காரர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தூக்கத்துக்கு நடுவே கட்டில் உருண்டு வந்தது.

“கீழ நிக்கிறவன்லாம் தள்ளுங்கடா! கட்டு அவுருது!”

ஹால் மொத்தமும் துள்ளி எழுந்தது. முன்வரிசையில் முதலாளி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். மாற்று டாக்டர் எழுந்தார். மேட்ரன் வாயில் கை வைத்தாள். வாசலில், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வார்டில் ஆளைக் காணாமல் தேடி வந்த விஜயபாஸ்கர்.

அந்த லண்டன் அம்மாளைக் கேலி செய்யலாம் என்றுதான் முதலில் எழுத ஆரம்பித்தேன். முடியவில்லை. முதலில் கட்டிலுக்கு வந்தவர் அவர்தான். சோலையப்பனின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். “இவருக்கு என்ன?” என்றார்.

“கேஸ்டிரிக். பயணம் செய்யலாம்” என்றார் மாற்று டாக்டர்.

அம்மாள் நடுங்கும் கைகளைப் பார்த்தார். திரும்பி, “சிஸ்டர், நீங்கள் சொல்லுங்கள். இவருக்கு என்ன?” என்றார்.

‘கேஸ்டிரிக்’ என்று அவள் சொன்னால் இவன் மத்தியானம் விமானத்தில். உண்மையைச் சொன்னால் விமானம் நிற்கும், ஆனால் முதலாளி, பத்திரிகைக்காரர், பாஸ்போர்ட் பிடித்தவன் எல்லார் காதிலும் விழும். இவனோடு சேர்ந்து மாடியில் படுத்திருக்கும் அத்தனை பேர்மேலும் வழக்கு வரும். வார்டு இருக்காது. அடுத்த கோடையில் நடுங்குகிறவன் கேம்ப்பின் அடுக்குக் கட்டிலிலேயே நடுங்கிச் சாவான்.

ஜலஜா கட்டில் கம்பியைப் பிடித்தபடி வாயைத் திறந்தாள்.

6

மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவதில் அவள் ‘கேஸ்டிரிக்’ என்றாள். விஜயபாஸ்கர் முன்னால் வந்தான். அதற்கு மேல் ‘விமானம் ஓமான் கடலின் மேல் —’ வரை போய் நிறுத்திவிட்டேன்.

இரண்டாவதில் உண்மையைச் சொன்னாள். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். [கைதட்டியவர்கள் யாரும் அன்று சாயங்காலம் மாடியில் காலியான கட்டில்களைப் பார்க்க வரவில்லை. அடித்துவிட்டேன்.]

மூன்றாவதில் அவள் பேசுவதற்குள் சோலையப்பனுக்கே ஜன்னி கண்டது, டாக்டருக்குப் புரிந்தது, யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இது அயோக்கியத்தனம். பதில் சொல்லும் தொல்லையிலிருந்து எல்லாரையும் காப்பாற்ற ஒரு ஏழைக்கு ஜன்னி வரவழைப்பது கதாசிரியர்களின் வழக்கம். நான் செய்ய மாட்டேன்.

நடந்தது எனக்குத் தெரியும். தலைமாட்டில் நின்றவன் நான். ஆனால் சொல்வதாக இல்லை. துபாயில் ஒரு விருந்தில் சொன்னேன், பிரியாணி தின்றுகொண்டே ஒருவர், “அவ அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றார். ஊரில் ஒரு கல்யாணத்தில் நடந்ததை மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். அங்கேயும் ஒருவர், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, “அவ அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றார். எதைச் சொன்னாலும் தப்பு அவள்மேல்தான். சாரத்தில் ஏற்றியவன்மேல் இல்லை. பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்தவன்மேல் இல்லை. ஒரு நர்ஸ் சம்பளத்தை மிச்சம் பிடித்து வகுப்பு நடத்தியவன்மேலும் இல்லை. அந்த ஹாலில் இருந்தவர்களிலேயே குறைந்த சம்பளக்காரியிடம் மிகப் பெரிய கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்கு மதிப்பெண் போட எல்லாரும் தயார்.

ஜலஜா இப்போது நாகர்கோவில் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் இதே பாடத்தை எடுக்கிறாள். குடி நோயாளிகளைப் பார்ப்பது, பார்க்கிறவள் தன்னைப் பார்த்துக்கொள்வது. பிள்ளைகள் அவளிடமும் கேட்பார்களாம், “அப்புறம் என்ன மேடம் சொன்னீங்க?” என்று.

“நீ என்ன பதில் சொல்லுவே?” என்று கேட்டேன்.

“பதிலா? நாற்காலியை எல்லாம் வெளியே எடுத்துப் போடச் சொல்லுவேன் காக்கா. நின்னுக்கிட்டே யோசிங்கடீம்பேன். கொஞ்ச நேரத்துல ஒருத்தி காலை மாத்தி நிப்பா. அதுக்குப் பெறகு எவளும் என்னைக் கேக்க மாட்டா.”

ஆகவே, வாசகரே, முடிவு உங்களுடையது. தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் உட்கார்ந்துகொண்டு சொல்லக் கூடாது. எழுந்திருங்கள். விடிய விடிய டூட்டி பார்த்த கால், கழற்ற முடியாத செருப்பு. முன்வரிசையில் உங்கள் கான்ட்ராக்ட் உட்கார்ந்திருக்கிறது. வாசலில் பாஸ்போர்ட் நிற்கிறது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவன் நடுங்குவது கம்பி வழியாக உங்கள் முழங்கை வரை ஏறுகிறதா?

ம். இப்போது சொல்லுங்கள். இவருக்கு என்ன?